ஓடும் பழமும்

பாப்பாரப்பட்டி மண்டியின் தகரக் கூரைக்குக் கீழே
பங்குனி வெயில் பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும்.
நாங்கள் அதற்கும் முன்னால்.
சின்னப்பாப்பா, நசீமா, மாதம்மாள், நான்,
பெயர் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும்
ஊத்தங்கரைப் பெண்.
நடுவில் ஒரு குன்று புளி.

முதல் வாரம் கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை.
ஓட்டை உடைக்கத் தெரிந்தது,
உரிக்கத் தெரியவில்லை.
அழுத்தினால் சதைக்குள் சில்லு ஏறும்.
தயங்கினால் பழம் தன்னைத் தராது.
எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு
எந்த ஊர்ப் பேச்சிலும் அளவு இல்லை.
ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ
கட்டைவிரல் தானாக நின்றது
நிற்க வேண்டிய இடத்தில்,
இருட்டிலும் நிலைப்படிக்குக் குனிகிற தலை மாதிரி.

ஓடு அடுப்புக்கு.
கொட்டை வேறொரு வியாபாரிக்கு.
நார் யாருக்கும் இல்லை.
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

நகக்கண் வெடிப்பில் புளி இறங்கும்போது
உடம்பு முழுக்க அந்த ஓர் இடமாகிவிடுகிறது.
பெரியாஸ்பத்திரியில் கால் கட்டோடு படுத்திருப்பவர்
அப்போது நினைவில் இல்லை.
திங்கட்கிழமை வட்டிக்காரர் இல்லை.
நான்கூட அவ்வளவாக இல்லை.
இதைப் பிரார்த்தனை என்று சொன்னால்
மாதம்மாள் சிரிப்பாள்.
"புளி தட்டறதுன்னா புளி தட்டறதுதான், போ."
சரிதான்.
ஆனால் அவளும் காலையில் முதல் பழத்தை
உடைக்குமுன் கண்ணில் ஒற்றிக்கொள்வதை
ஒரு மாதமாகப் பார்த்து வருகிறேன்.

மாரியம்மன் திருவிழா ஒலிபெருக்கியில்
தருமபுரியிலிருந்து வந்த ஒருவர் பேசினார்:
ஞானி உலகத்தில் எப்படி இருப்பான்?
ஓடும் புளியம்பழமும் போல.
உள்ளே இருப்பான், ஒட்டமாட்டான்.

எங்கள் ஐந்து பேரின் கையும் நின்றது.

நசீமா ஒரு பழத்தை ஓடு நீக்கித் தூக்கிப் பிடித்தாள்.
ஓடு விட்டுவிட்டது, உண்மை.
காம்பிலிருந்து நுனிவரை
நரம்பு நரம்பாய் இறங்கி
நார் பழத்தைப் பிடித்திருந்தது,
சந்தைக் கூட்டத்தில் பிள்ளையைப் பிடித்த கை போல.
"இதை யாரு உரிச்சாங்களாம்? அவரா?"

ஊத்தங்கரைப் பெண் அன்றுதான் சிரித்தாள்.
சிரித்து முடித்து, யாரும் கேட்காமலே,
"எம் பேரு பவளக்கொடி" என்றாள்.

அந்த நார் வழியாகத்தானே
மரம் பழத்துக்கு ஊட்டியிருக்கும்.
ஓடு கைவிட்ட பிறகும்
மரம் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.
அதற்கப்புறம் நாரை உருவும்போது
கொஞ்சம் மெதுவாக உருவினேன்.
கூலி அன்றைக்கு இருபது ரூபாய் குறைந்தது.

ஒட்டாமல் இருக்க எனக்கு வராது.
ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி,
பெரியவனின் பரீட்சைக் கட்டணம்,
மழைக்கு முன் மாற்ற வேண்டிய ஓலை.
என் நார் எல்லாம் இன்னும் காம்போடுதான் இருக்கிறது.

இரவு கரண்ட் போனது.
சோற்றுப் பானையைத் தடவி, தீப்பெட்டியைத் தடவி,
கழுவாத கையாலேயே
சாமி விளக்கின் தண்டைப் பிடித்துத் தூக்கினேன்.
தப்பு என்று தோன்றியது.
குச்சி எரிந்து விரலுக்கு வந்துகொண்டிருந்தது,
தப்பையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

காலையில் பார்க்கிறேன்:
அவர் படுத்த நாளிலிருந்து தேய்க்காமல்
கறுத்துக் கிடந்த பித்தளையில்
நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும்
பளிச்சென்று.

முழுக்கத் தேய்த்துவிடலாம்.
புளிக்கா பஞ்சம்?
தேய்க்கவில்லை.
அந்த வெளிச்சத்தின் மேல்
மறுபடி என் விரல்களை ஒவ்வொன்றாய் வைத்தேன்.
பொருந்தின.

கையில் இன்னும் நேற்றைய புளிப்பு.
ஏழு மணி பஸ் ஆரன் அடித்தது.